இடது கம்பி

ஜூன் 1, ஞாயிறு

இடது 1.38. வலது 1.38.

ஜனவரியில் டம்ளருக்குள் இறக்கியபோது இரண்டு கம்பியும் 1.60. ஐந்து மாதத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இருபத்திரண்டு பங்கு போயிருக்கிறது. போனது எங்கே? கொஞ்சம் டம்ளரின் அடியில் கறுப்புத் தூளாக. மீதி என் மனைவியின் உடம்புக்குள்.

எதற்கு அளக்கிறேன் என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. இருபத்தாறு வருஷமாக டூல் ரூமில் அளவு பார்ப்பதுதான் வேலை. முதல் சம்பளத்தில் வாங்கிய மைக்ரோமீட்டர் இது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் ஆற்றில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், அளந்து.

வெள்ளித் தண்ணீர் போடுவது பெரிய வித்தை இல்லை. கார் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு டம்ளர். மூடியில் இரண்டு ஓட்டை, இரண்டு சுத்த வெள்ளிக் கம்பி, பழைய அடாப்டர். ப்ளஸ் பக்கத்துக் கம்பிதான் கரையும். மைனஸ் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படியும், துடைத்தால் போய்விடும். அதனால் தினமும் கிளிப்புகளை மாற்றிப் போடுவேன், இன்றைக்கு இடது என்றால் நாளைக்கு வலது. ஒன்று மட்டும் தேயக்கூடாது. ஒரு மணி நேரம் ஓடும். அதற்குள் குளித்து, சவரம் செய்து, நீல பாட்டிலில் ஊற்றி, சமையலறையில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

எல்லாம் எங்கள் மகள் பாப்பாவின் மேஜை மேல் இருக்கிறது. அவள் அறையில் மட்டும்தான் இடம் இருந்தது. இரண்டு வருஷமாக அந்த அறைக்குள் என் மனைவி போவதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் போட்டேன். வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டும் 1.37.

மச்சினி வந்திருந்தாள். வந்த வேகத்தில் அக்காளின் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வலது கால் பெருவிரலுக்கு அடியில், தையல் மெஷின் பெடலில் அழுந்தும் இடத்தில், அந்தப் புண். ஜனவரியில் ஒரு மிளகு அளவு இருந்தது. இன்றைக்கு என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிது. சர்க்கரை உடம்பு. கால் மரத்துப்போய்விட்டதால் வலி இல்லை என்கிறாள். வலி இல்லாததால் புண்ணும் இல்லை என்கிற மாதிரி தைத்துக்கொண்டே இருக்கிறாள்.

"அக்கா, ஒழுங்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"அந்தப் பேச்சை எடுக்காதே."

"தண்ணியைக் குடிச்சா புண்ணு ஆறிடுமா?"

"கிருமி சாகும்டி. ஆஸ்பத்திரிலதான் கிருமி."

அதற்கு மேல் யாரால் பேச முடியும்? மச்சினி என் பக்கம் திரும்பினாள். "அத்தான், நீங்க வாயைத் திறக்கவே மாட்டீங்களா? எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்களே." அப்புறம் வழக்கமான பட்டம், கல்லுளிமங்கன். நான் தேநீர் போட எழுந்து போனேன். அவள் சொன்னது தப்பில்லை. ஆனால் மழை விழுந்தது எருமைக்குத் தெரியாது என்று யார் சொன்னார்கள்?

ஜூன் 11, புதன்

மதியச் சாப்பாட்டின்போது முலாம்காரரிடம் கேட்டேன். எங்கள் கம்பெனியில் வெள்ளி முலாம் பூசும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர், முப்பது வருஷ அனுபவம். எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு நகம் சாம்பல் நிறமாகிறது, வெள்ளித் தண்ணீர் குடிக்கிறார் என்றேன்.

"தெரிஞ்ச ஒருத்தர்னா வீட்ல இருக்கறவங்கதானே?" என்றார். நான் டப்பாவை மூடினேன். "உள்ள போன வெள்ளி உள்ளதான் தம்பி இருக்கும். வெளிய வராது. நெறம் மாறுனா மாறுனதுதான். புண்ணு ஆத்துறதாவது! முப்பது வருஷமா அந்தத் தொட்டி பக்கத்துலயே நிக்கிறேன், என் ஜலதோஷமே போகல."

சிரித்தார். நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் பட்டன் தைக்கும்போது நகங்களைப் பார்த்தேன். பிறை இருக்கும் இடத்தில் ஈயப் பாத்திரத்தின் நிறம்.

ஜூன் 12, வியாழன்

இன்றைக்கு அடாப்டரைப் போடவில்லை. வெறும் தண்ணீரை நீல பாட்டிலில் ஊற்றி வைத்தேன். கிளிப்பையும் மாற்றவில்லை, ப்ளஸ் இடது கம்பியிலேயே இருக்கிறது. ஓடாத மெஷினுக்கு எதற்கு மாற்றம்?

பேசி நிறுத்த என்னால் ஆகாது. இது ஆகும்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டும் 1.37. சரி.

ஜூன் 17, செவ்வாய்

"தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன்?

"எப்பவும் போலத்தான்" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

இடது 1.35. வலது 1.37. கை நடுக்கமாக இருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

இடது 1.31. வலது 1.37.

கை நடுக்கம் இல்லை. மூன்று தடவை அளந்தேன். இடது கம்பிக்குக் கறுப்பு ஏறியிருக்கிறது. துடைத்திருக்கிறார்கள், ஆனால் அடிவரைக்கும் துடைக்கவில்லை. நான் அப்படித் துடைக்கமாட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

மைக்ரோமீட்டரைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் அளவுக்கட்டையில் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மைக்ரோமீட்டர் பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரும் வழியில் பேட்டரிக் கடைக்காரர் கூப்பிட்டார். "எத்தனை வண்டி சார் ஓட்றீங்க? நீங்க ஒரு கேன் வாங்கிட்டுப் போனீங்க, முந்தாநாள் அம்மா வந்து இன்னொண்ணு வாங்கிட்டுப் போனாங்க."

ஐந்து லிட்டர் கேன். அந்தக் காலோடு அரை கிலோமீட்டர்.

ஜூலை 6, ஞாயிறு

இடது 1.22. வலது 1.37.

வேறு யார்? வீட்டில் இரண்டே பேர். நான் போனதும் அவள் அந்த அறைக்குள் போகிறாள். அடாப்டரைப் போடுகிறாள். கிளிப்பை மாற்றிப் போடவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, நான் சொன்னதே இல்லை. அதனால் இடது மட்டும் தேய்கிறது.

கணக்குப் போட்டேன். ஒரு கம்பியே கரைந்தால், தினம் ஒரு மணி நேரத்துக்கு வாரம் நூறில் இரண்டு போகும். போயிருப்பது ஒன்பது. அப்படியானால் தினம் நாலரை மணி நேரம். நாலரை மணி நேரம் ஓடின தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். அதையா குடிக்கிறாள்?

நான் கொடுப்பது வெறும் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். அவள் போடுகிறாள் என்று எனக்குத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டில் "உப்பு போதுமா" என்றாள். "போதும்" என்றேன்.

ஜூலை 9, புதன்

நீல பாட்டிலை இன்றைக்கும் நிரப்பி வைத்தேன். நாடகம் என்றால் இரண்டு பேரும் நடிக்கவேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

இடது 1.10. இந்த வாரம் பன்னிரண்டு. தினம் ஆறு மணி நேரம். தண்ணீர் மட்டத்தில் கம்பி இன்னும் ஒல்லியாக இருக்கிறது, மைக்ரோமீட்டரை அங்கே வைக்கவே பயமாக இருந்தது.

புண்ணில் வாடை வருகிறது. பக்கத்து விரலும் சிவந்திருக்கிறது. மச்சினி போனில், "அத்தான், உங்க கால்ல விழறேன், தூக்கிட்டாவது போங்க" என்று அழுதாள். "பார்க்கலாம்" என்றேன்.

பார்க்கலாமாம்! என்னத்தைப் பார்க்கப் போகிறேன்?

எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். பாப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. வயிற்றுவலி. இன்றைக்கே குடல்வால் ஆபரேஷன் செய்யணும் என்றார்கள். என் மனைவி, "காலைல இன்னொரு டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யலாங்க" என்றாள். நான்தான் "சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. அப்புறம் கிருமி. ஒன்பதாம் நாள் பாப்பாவின் உடுப்பையும் வெள்ளிக் கைச்சங்கிலியையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்கள்.

காத்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். என் மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு வார்த்தை — திட்டக்கூட இல்லை. அன்றிலிருந்து அவள் எது சொன்னாலும் சரி என்கிறேன். சுவருக்கு என்ன நிறம், சரி. ஆஸ்பத்திரி வேண்டாம், சரி. வெள்ளித் தண்ணீர், சரி. அவள் கால் மரத்துப்போயிருக்கிறது. எனக்கு எது மரத்துப்போனது என்று கேட்டால் காட்ட இடம் இல்லை.

ஜூலை 17, வியாழன்

இடது கம்பி ஒடிந்துவிட்டது. தண்ணீர் மட்டத்தில். கீழ்த் துண்டை அவள் எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பாப்பாவின் பேனா டப்பாவில் வைத்திருக்கிறாள். மேல் துண்டு கிளிப்பில் தொங்குகிறது.

வலது கம்பிக்குக் கிளிப்பை மாற்றத் தெரியாது அவளுக்கு. இனி என்ன செய்வாள்? ஒருவேளை இதோடு நின்றுவிடும். நின்றுவிட்டால் நான் ஒன்றும் பேசவேண்டியதில்லை.

இப்படி நினைக்கிற ஒருவன் மனிதனா?

ஜூலை 18, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

கம்பெனியில் கரண்ட் போய்விட்டது, பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தேன். தையல் மெஷின் சத்தம் இல்லை. பாப்பாவின் அறைக் கதவு திறந்திருந்தது. நாற்காலியில் அவள், காலைக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டு. மேஜையில் டம்ளர். தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் கலங்கியிருந்தது. ப்ளஸ் கிளிப்பில் பாப்பாவின் கைச்சங்கிலி.

கொக்கியைக் கிளிப் கடித்துக்கொண்டிருக்க, பாதிச் சங்கிலி தண்ணீருக்குள். கறுத்துப் போய். அது சுத்த வெள்ளிகூட இல்லை, செம்பு கலந்தது, அதுதான் அந்தப் பச்சை. மச்சினி பாப்பாவின் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. அது கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. கண்ணி கண்ணியாக.

ஒயரோடு பிடுங்கினேன். டம்ளர் உருண்டது. "போதும்டி!" என்று கத்தினேன். என் குரல்தானா? "போதும்! அவளையும் கரைச்சுக் குடிக்கப் போறியா? போதும்! ஆஸ்பத்திரிக்குப் போறோம். இப்ப. எழுந்திரு. நீ வேண்டாம்னாலும் போறோம்."

அவள் பயப்படவில்லை. கோபப்படவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெறும் தண்ணின்னு எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள். மேஜையில் பாப்பாவின் சாவிக்கொத்து லேசர் விளக்கு இருந்தது. வெள்ளி இருந்தால் தண்ணீருக்குள் சிவப்புக் கோடு தெரியும், வெறும் தண்ணீரில் தெரியாது. தினமும் அடித்துப் பார்த்திருக்கிறாள். "அன்னைக்குக் கோடு தெரியல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா மறுபடியும் சரின்னு சொல்லி வெள்ளியைப் போட்டுடுவீங்க. ரெண்டு வருஷமா நான் எது சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டிட்டு இருக்கீங்க. மொத தடவையா எனக்கு எதிரா ஒண்ணு செஞ்சீங்க. அதை வாயால எப்ப சொல்வீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"அதுக்குள்ள கால் போயிடும்டி."

"அது வலிக்கலையே."

எதற்கு ஆறு மணி நேரம் ஓட்டினாய் என்றேன். அதைத்தான் கேட்கத் தோன்றியது, அளவு பார்க்கிறவன் புத்தி.

"அவ்ளோ நேரமெல்லாம் வேணும்னு இல்லீங்க. போட்டுட்டு இங்க உக்காருவேன். அவ நாற்காலில. எழுந்து போக மனசு வராது. சாயங்காலம் நீங்க வர்ற நேரத்துக்குத்தான் நிறுத்துவேன்." நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே, "தண்ணி ஒரு சாக்குதான். சாக்கு இல்லாம எப்படி உள்ள வர்றது?"

கம்பி தேய்ந்ததை மாதக்கணக்கில் நூறில் ஒன்று விடாமல் அளந்தேன். என்னத்தை அளந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

அழுதேன். இரண்டு பேரும் அழுதோம், ஈரத் தரையில் காலை வைத்துக்கொண்டு. அப்புறம் டாக்ஸிக்குப் போன் செய்தேன். அவள் வர மறுக்கவில்லை. செருப்பு ஒரு காலுக்குத்தான் நுழைந்தது.

ஜூலை 20, ஞாயிறு

டாக்டரம்மா கண்டிப்பானவர். "பெருவிரலும் பக்கத்து விரலும் எடுக்கணும். எலும்பு வரைக்கும் போயிருக்கு. மே மாசமே வந்திருந்தா எதுவும் எடுத்திருக்க வேண்டாம்." நகத்தைப் பார்த்தார். "இது போகாது. பழகிக்கோங்க."

மே மாசம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கிளிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் காகிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள், பேனாவோடு. வாங்கினேன். எங்கே போடவேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. கை மேஜைமேல் கிடந்தது, யாருடையதோ மாதிரி.

அவள் படுக்கையிலிருந்து கையை நீட்டினாள். "இங்க குடுங்க."

"நான்…"

"அன்னைக்கு நீங்க போட்டீங்க. அதையே இன்னும் சுமந்துட்டு இருக்கீங்க. இதையும் உங்க தலைல வெக்க மாட்டேன். என் கால், நான் போடறேன்."

சாம்பல் நகத்தால் கோட்டைத் தடவிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்து, நிதானமாகப் போட்டாள். நர்ஸ் காகிதத்தை வாங்கிக்கொண்டு போனபிறகு சொன்னாள்: "உங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். சொல்லித் தீத்திருக்கணும்."

"இப்ப?"

"இப்பப் பசிக்குது. ஆபரேஷன் முடியற வரைக்கும் குடுக்க மாட்டாங்களாம்."

ஜூலை 21, திங்கள்

முடிந்தது. கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். பிளாஸ்டிக் டம்ளரில் ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீர். ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். குடித்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

ஒன்பதாம் நாள். காலையிலிருந்து நான் படுக்கையை விட்டு நகரவில்லை. அவளும் தூங்கவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை, பேசாமலே தெரிந்தது. காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸிடம் எவ்வளவு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு அவள் பொறுமையைச் சோதித்தேன். 98.4. 98.6. 98.4.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து, "வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போலாம்" என்றார். மச்சினி வராந்தாவுக்குப் போய் அழுதாள். திரும்பி வந்து, "கல்லுளிமங்கன் வாயைத் திறக்க ரெண்டு விரல் ஆச்சு" என்றாள். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கைச்சங்கிலியைச் சுத்தம் செய்தேன். மூன்று கண்ணி முழுசாகப் போய்விட்டது, மற்றவை ஒல்லியாகிவிட்டன. புதுக் கண்ணி வளைக்கக் கம்பி வேண்டும். வலது கம்பி 1.37, தடிமன் அதிகம், பக்கத்துக் கண்ணியில் நுழையாது. பேனா டப்பாவில் இருந்த இடது கம்பித் துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒடிந்த முனைக்குப் பக்கத்தில் 0.8. அது நுழைந்தது. குறட்டில் மூன்று வளையம் போட்டேன். வேலை சுத்தம் இல்லை, இன்ஸ்பெக்‌ஷனில் நானே தள்ளிவிடுவேன்.

அவளிடம் கொடுத்தேன். புதுக் கண்ணிகளை விரலால் தடவிக் கண்டுபிடித்தாள். போட்டுக்கொள்ளவில்லை. பாப்பாவின் மேஜை டிராயரில் வைத்தாள், அவளே போய்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தையல் மெஷினைப் பாப்பாவின் அறைக்கு மாற்றியாயிற்று. பெடல் வேண்டாம் என்று மோட்டார் வைத்தேன். முழங்கையால் அழுத்துகிற மாதிரி ஒரு ஸ்விட்ச், நானே செய்தது. அந்த டம்ளரில் பாபின் போட்டு வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நீளம் 9 மில்லிமீட்டர். அகலம் 5. போன ஞாயிறு 12, 7.

தையல் பிரித்த இடத்தில் ஆறாமல் மிச்சம் இருக்கும் புண் இவ்வளவுதான். கட்டு மாற்றும்போது காகித ஸ்கேலை வைத்து அளக்கிறேன். "அளந்தா சீக்கிரம் ஆறிடுமா?" என்று கேட்டாள். சர்க்கரை மாத்திரையை நான் எண்ணி வைக்கிறேன், அவள் திட்டிக்கொண்டே போட்டுக்கொள்கிறாள்.

பத்து மணிக்கு ஜிப் வாங்கக் கடைக்கு நடந்து போகிறேன் என்றாள்.

"வேண்டாம்."

"நாலு கடை தள்ளித்தான்."

"நாலு கடையும் வேண்டாம், அரைக் கடையும் வேண்டாம். நான் வாங்கிட்டு வர்றேன்."

"உங்களுக்கு ஜிப்ல என்ன தெரியும்? போன தடவை பேன்ட்டுக்குக் கேட்டா பைக்குப் போடறதை வாங்கிட்டு வந்தீங்க."

"நீளம் சரியாத்தானே இருந்துச்சு?"

"நீளம் மட்டும் சரியா இருந்தா போதுமா? பல்லு? கலரு?"

"கலர் நீ சொல்லவே இல்ல!"

"சொன்னேன். காதுல வாங்கினாத்தானே!"

இருபது நிமிஷம். சத்தம் மாடிவரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் நாற்காலியைத் தள்ளிவிட்டு, "கல்லாவே இருந்திருக்கலாம் மனுஷன்" என்று முணுமுணுத்துக்கொண்டு துணியைக் கத்தரித்தாள். நான் கிளம்பினேன். கருநீலம், எட்டு அங்குலம், பித்தளைப் பல். காகிதத்தில் எழுதி, அவளிடம் காட்டி, திட்டு வாங்கிக்கொண்டுதான் போனேன்.